ஆறாவது தடவை

ஆவடி சேக்காட்டில் காலை ஏழே முக்கால். இந்து காலேஜ் ஸ்டேஷனை விட்டு ஒரு மின்ரயில் கிளம்பும் சத்தம் கேட்கிறது. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து உள்ளறையில் தூங்குகிறார். ஸ்கூல் வேன் சி.டி.எச். ரோட்டிலிருந்து திரும்பிவிட்டதாக டிரைவர் மிஸ்டு கால் கொடுத்தாயிற்று. ஒன்பது வயதுப் பையன் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு காலில் சாக்ஸ், மறுகால் வெறுங்கால். ஷூவின் அடியில் ஒட்டிய சூயிங்கத்தை ஈர்க்குச்சியால் நோண்டிக்கொண்டிருக்கிறான். சமையற்கட்டிலிருந்து அம்மா முதல் தடவை குரல் கொடுக்கிறார்: "கண்ணா, ஷூ போடலாமா?"

பதில் இல்லை. "போடுடா." மிக்ஸி ஓடுகிறது. "எத்தன வாட்டி சொல்றது, போடேன்டா." அடுத்து, "போட்டாத்தான் என்ன, கால் தேஞ்சா போயிடும்?" ஐந்தாவது தடவை குரல் ஏறுகிறது: "இப்ப போடப்போறியா இல்லையா?" ஆறாவதற்கு வார்த்தை கிடையாது, முதுகில் ஓர் அடி. ஷூ பறந்துபோய்ச் சுவரில் மோதுகிறது. பையன் போடும் சத்தத்தில் உள்ளறை விளக்கு எரிகிறது. வேன் ஹாரன் அடிக்கிறது. அம்மா உட்கார்ந்து, அவன் காலை இழுத்து, தானே சாக்ஸையும் ஷூவையும் மாட்டிவிடுகிறார். வேன் போன பிறகு மாடி வீட்டம்மா எட்டிப் பார்த்துச் சொல்வது எல்லாருக்கும் தெரிந்த வாக்கியம்தான்: "ரொம்பச் செல்லம் குடுத்து வளத்துட்டீங்க."

இது எந்த ஒரு வீட்டையும் பார்த்து எழுதியதல்ல. ஏ.டி.ஹெச்.டி. உள்ள பிள்ளை இருக்கும் எந்த வீட்டின் காலையும் ஏறக்குறைய இப்படித்தான். மாடி வீட்டம்மாவின் வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். அதில் பாதி தவறு. மீதிப் பாதி, அவர் நினைக்காத ஒரு பொருளில், சரி.

தவறான பாதி முதலில். கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் சேர்ந்த இந்தக் குறைபாடு வளர்ப்பால் வருவதில்லை. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இதில் மரபின் பங்கை ஏறத்தாழ 74 விழுக்காடு என்று மதிப்பிடுகிறார்கள். 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி உரையாற்றியபோது, அறிவில் குறையில்லாமல் ஒழுக்கக் கட்டுப்பாட்டில் மட்டும் குறை உள்ளவர்கள் என்றுதான் விவரித்தார். 'ஒழுக்கம்' என்ற அந்தச் சொல் மருத்துவத்தை விட்டுப் போய் வெகுநாளாகிறது. தெருவை விட்டு இன்னும் போகவில்லை. 2007இல் பிலிப் ஷாவின் குழு அமெரிக்காவில் இந்தக் குறைபாடு உள்ள 223 பிள்ளைகளின் மூளைப் படங்களை, இல்லாத 223 பேரின் படங்களோடு ஒப்பிட்டது. மூளைப் புறணி தன் உச்சத் தடிமனை எட்டும் இடைநிலை (மீடியன்) வயது மற்றவர்களுக்கு ஏழரை, இவர்களுக்குப் பத்தரை. இது குழுக்களின் கணக்கு. ஒரு பிள்ளையின் தலையைப் படம் எடுத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவரை நம்பவும் வேண்டாம். ஆனால் ஒன்பது வயதுப் பையனிடம் ஒன்பது வயதுக்கான அடக்கத்தை எதிர்பார்ப்பதில் என்ன சிக்கல் என்பது இதிலிருந்து கொஞ்சம் விளங்கும்.

கோயம்புத்தூரில் நான்கு பள்ளிகளில் 6 முதல் 11 வயதுவரையுள்ள 770 பிள்ளைகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வு, 11.32 விழுக்காட்டினருக்கு இந்தக் குறைபாடு இருப்பதாகச் சொன்னது. உலக அளவிலான தொகுப்பு மதிப்பீடு சுமார் 5 விழுக்காடுதான். பள்ளியில் கேள்வித்தாள் வைத்துத் தேடினால் எண் கூடும் என்பதால் கோவைக் கணக்கை அப்படியே சேக்காட்டுக்குப் பெருக்கிவிடக் கூடாது. வகுப்பிலேயே வயதில் சின்னப் பிள்ளைகளுக்கு இந்த முத்திரை அதிகமாக விழுகிறது என்பது பல நாடுகளில் உறுதியான விஷயம். மே மாதம் பிறந்தவனை ஜூனில் சேர்த்துவிட்டு, போன ஜூனில் பிறந்தவனோடு ஒப்பிட்டால் அவன் வாலாகத்தான் தெரிவான். அதே கோவை ஆய்வில், வருமானம் குறைந்த குடும்பங்களில் 16.33 விழுக்காடு, நடுத்தரக் குடும்பங்களில் 6.84. இந்த இடைவெளிக்கு ஒற்றைக் காரணம் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் ஓடியாட இடமில்லாத வீட்டில் துறுதுறுப்பு மேலும் கண்ணை உறுத்தும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

இனி, சரியான பாதி.

அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர் வீடுகளுக்கே ஆட்களை அனுப்பி, குடும்பச் சண்டைகளை நொடிக்கு நொடி குறித்தெடுக்கச் செய்தார். 1982இல் வந்த அவரது நூல், எதிர்ப்பும் கட்டாயமும் மாறி மாறி ஒன்றை ஒன்று வளர்க்கும் ஒரு சுழலை விவரிக்கிறது. நம் ஷூவை வைத்தே பார்க்கலாம். பையன் கத்தியதும் அம்மா தானே மாட்டிவிட்டார். கத்தினால் வேலை தப்பும் என்று அவன் உடம்பு கற்றுக்கொண்டது. மாட்டியதும் சத்தம் நின்றது. விட்டுக்கொடுத்தால் நிம்மதி என்று அம்மாவின் உடம்பும் கற்றுக்கொண்டது. வேறொரு நாள் அடித்ததும் அவன் சட்டென்று போட்டுக்கொண்டால், அடிதான் வேலை செய்கிறது என்பது அன்றைய பாடம். அடுத்த முறை இரண்டு பக்கமும் ஒரு படி மேலேயிருந்து தொடங்கும். இருவருக்கும் ஒரே நேரத்தில் பரிசு கிடைப்பதால்தான் இந்தச் சுழல் இவ்வளவு பலமாக இருக்கிறது. எந்தப் பிள்ளையோடும் இது நடக்கலாம். ஆனால் ஒரே சொல்லில் ஷூ போடும் பிள்ளை இருக்கும் வீட்டில் நாளுக்கு ஒரு தடவை வரும் வாய்ப்பு, இங்கே முப்பது தடவை வருகிறது.

குறைபாடு பிள்ளையோடு பிறந்தது. எதிர்த்துப் பேசுவதும் பொருளைத் தூக்கி எறிவதும் பெரும்பாலும் இந்த முப்பது தடவைகளில் விளைந்தது. சிகிச்சை முறைகளை ஒப்பிட்ட, அமெரிக்காவின் புகழ்பெற்ற எம்.டி.ஏ. ஆய்வில் சேர்ந்த 579 பிள்ளைகளில் சுமார் 40 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பு நடத்தைக் கோளாறும் சேர்ந்தே இருந்தது. சர்க்கரை நோயைப் பாருங்கள்: அது தாத்தாவிடமிருந்து வருகிறது, அதற்கான வேலை அடுப்படியில் இருக்கிறது. அதற்காகச் சமைப்பவர்தான் நோயைக் கொடுத்தார் என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளை விஷயத்தில் மட்டும் காரணத்தையும் வைத்தியத்தையும் ஒரே முடிச்சாகப் போட்டு அம்மாவின் தலையில் கட்டிவிடுகிறோம். பிள்ளையைக் கையாளப் பெற்றோருக்குத் தரும் பயிற்சிக்கு வாருங்கள் என்றால் பல தாய்மார்களுக்குக் குற்றப் பத்திரிகை வாசிப்பதுபோலக் கேட்பது அதனால்தான்.

ஆராய்ச்சி உலகமும் இதில் ஒருமுறை சூடுபட்டது. பெற்றோர் பயிற்சியால் கவனக்குறைவே குறைகிறது என்று பல ஆய்வுகள் மகிழ்ச்சியாகச் சொல்லிவந்தன. 2013இல் எட்மண்ட் சோனுகா-பார்க்கும் குழுவினரும் அவற்றைத் திரட்டி ஒரு கேள்வி கேட்டார்கள்: மதிப்பெண் போட்டது யார்? பயிற்சி எடுத்த பெற்றோரே போட்டபோது பலன் தெரிந்தது. எந்தப் பிள்ளைக்கு என்ன சிகிச்சை என்று தெரியாதவர்கள் போட்டபோது, கவனக்குறைவு போன்ற மையக் குறிகளில் கிடைத்த பலன் கரைந்துபோனது. பெற்றோர் பயிற்சியின் கதை அத்தோடு முடிந்தது என்று சிலர் நினைத்தார்கள். அடுத்த ஆண்டே அதே வட்டாரத்திலிருந்து டேவிட் டேலி முதலானோரின் தொகுப்பு வந்தது. சிகிச்சை விவரம் தெரியாதவர்கள் போட்ட மதிப்பெண்ணிலும் இரண்டு மாற்றங்கள் நின்றன: பெற்றோர் நடந்துகொள்ளும் விதம் மாறியது; பிள்ளையின் முரட்டு நடத்தை குறைந்தது. பயிற்சிக்குப் பிறகும் பையன் சூயிங்கத்தைத்தான் நோண்டிக்கொண்டிருப்பான். ஷூ பறக்காது, அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' என்ன விலை என்று அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பயிற்சியில் என்ன சொல்லித்தருகிறார்கள்? 1960களில் கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் என்பவர், அவரும் ஒரிகன்காரர்தான், போட்ட பாதை இன்றும் பெரும்பாலான பயிற்சிகளுக்கு அடித்தளம். முதலில் உறவு, பிறகு கட்டளை. தினமும் பத்து நிமிடம் பிள்ளை இழுக்கும் விளையாட்டில் பெரியவர் சேரவேண்டும். ஏவலும் கேள்வியும் பாடமும் கூடாது. கேட்க எளிது. முதல் நிமிடத்திலேயே "இது என்ன கலர், சொல்லு" என்று வாய் துறுதுறுக்கும்.

கட்டளை விஷயத்தில் தமிழுக்கே உரிய ஒரு தொல்லையைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். மேலே அம்மா சொன்ன ஐந்தையும் திரும்பப் பாருங்கள். "போடலாமா" என்பது கேள்வி. "வேணாம்" என்று பதில் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. "போடேன்டா" கெஞ்சல். "போட்டாத்தான் என்ன" வழக்காடல். "போடப்போறியா இல்லையா" கேள்விச் சட்டை போட்ட மிரட்டல். உண்மையான ஏவல் இரண்டாவது தடவை சொன்ன "போடு" ஒன்றுதான். அதுவும் மிக்ஸி சத்தத்தைத் தாண்டி, முகம் பார்க்காமல் வந்தது. இன்னொன்று வினையெச்சம். "சாக்ஸ் போட்டு, ஷூ மாட்டி, பேக்க எடுத்துகிட்டு, தண்ணி பாட்டில மறக்காம வா" என்று ஒரே மூச்சில் நான்கு வேலைகளைத் தமிழில் கோர்த்துவிட முடியும். அந்த வாக்கியத்தின் வினைமுற்று "வா". மனத்தில் ஒன்றிரண்டைத்தான் பிடித்துவைக்க முடிகிற பையன் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வருகிறான், வெறுங்காலோடு, பேக் இல்லாமல். சொன்னதைத்தான் செய்திருக்கிறான். நாம் அதற்குத் திமிர் என்று பெயர் வைக்கிறோம். பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, ஒரே ஒரு வேலையை "போடு" என்று சொல்லி, ஐந்து எண்ணும்வரை வாயைத் திறக்காமல் நிற்பது: பயிற்சியின் சாரம் ஏறக்குறைய இதுதான். அந்த ஐந்து எண்ணிக்கை எவ்வளவு நீளம் என்பதை வேன் ஹாரன் அடிக்கும்போது எண்ணிப் பார்த்தால் தெரியும்.

போட்டவுடன் பாராட்டவேண்டும், எதற்கென்று சொல்லிப் பாராட்டவேண்டும். இங்கேயும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண்ணு படும், தலைக்கனம் ஏறும் என்று பாட்டி தடுப்பார். "சொன்ன உடனே சாக்ஸ் போட்டுட்ட" என்று நடந்ததை நடந்தபடி சொல்லுவது ஒரு வழி. அதில் புகழ்ச்சி இல்லை, ஆனால் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். "முதல் ரேங்க் எடுத்தா சைக்கிள்" என்ற நம் மாமூல் பேரம் இந்தப் பிள்ளைகளிடம் எடுபடாததற்கும் காரணம் இருக்கிறது. காத்திருப்பது இவர்களுக்கு மற்றவர்களைவிடக் கசப்பு. ஏப்ரல் மாதச் சைக்கிளுக்கு ஜூலையில் ஈர்ப்பு இல்லை. காலை வேலை ஒவ்வொன்றுக்கும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு புளியங்கொட்டை, பத்து சேர்ந்தால் சாயங்காலம் அப்பாவோடு பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஒரு சுற்று என்றால் கதை வேறு. போட்ட கொட்டையைக் கோபத்தில் திரும்ப எடுக்கக் கூடாது என்பது விதி. மீறாத வீட்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

மேலைநாட்டு ஏடுகள் சொல்லும் எல்லாம் இங்கே பொருந்தாது. பிள்ளையைத் தனி அறையில் சில நிமிடம் உட்கார வைக்கும் 'டைம் அவுட்' முறைக்குத் தனி அறை வேண்டுமே! உள்ளே அப்பா தூங்குகிறார். வெளியே உட்கார வைத்தால் மாடி, எதிர்வீடு, தண்ணீர் கேன் போடுபவர் என்று எல்லாரும் விசாரிப்பார்கள். அது இடைவெளியாக இல்லாமல் பொது அவமானமாக முடியும். இடத்தை மாற்ற முடியாத வீட்டில் பெரியவர் தன் கவனத்தை விலக்கிக்கொள்வதே நடக்கக்கூடிய வழி. அதற்கும் வீட்டில் எல்லாரும் ஒத்துழைக்க வேண்டும். அம்மா செல்போனைத் தர மறுத்து அழுகையைத் தாங்கும்போது, "பாவம், குடும்மா" என்று பாட்டி தன்னுடையதை நீட்டினால், இன்னும் கொஞ்ச நேரம் அழுதால் வேறு கதவு திறக்கும் என்பது பாடமாகிவிடும். தவிர, விட்டுக்கொடுப்பதை நிறுத்தியவுடன் அடம் முதலில் கூடத்தான் செய்யும். இதைப் பயிற்சி தருபவர் முன்கூட்டியே சொல்லாவிட்டால், முதல் வாரத்திலேயே "இதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்று பெற்றோர் ஒதுங்கிவிடுவார்கள்.

மரபு 74 விழுக்காடு என்றால் அதற்கு இன்னொரு விளைவும் உண்டு. அட்டவணை போடு, தினமும் குறி, மறக்காதே என்று நாம் சொல்லும் அந்தப் பெற்றோருக்கே இதே குறைபாடு இருக்கலாம். 2002இல் இங்கிலாந்தில் சோனுகா-பார்க் குழு பார்த்தபோது, தாய்க்கே இந்தக் குறிகள் அதிகமாக இருந்த வீடுகளில் பயிற்சியால் பிள்ளையிடம் முன்னேற்றம் தெரியவில்லை. அட்டவணையைத் தொலைத்துவிட்டு வரும் அப்பாவை அக்கறையில்லாதவர் என்று திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

சர்க்கரை தின்பதால்தான் ஆடுகிறான் என்ற நம்பிக்கையைப் பற்றி ஒரு வரி போதும்: 1995இலேயே பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தாயிற்று, சர்க்கரை நடத்தையை மாற்றவில்லை. மிட்டாயை மறுக்கப் பல்லைக் காரணம் காட்டுங்கள்.

மருந்து பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். மெத்தில்ஃபெனிடேட் 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசான் உருவாக்கியது. ரிட்டா என்ற தன் மனைவியின் செல்லப் பெயரிலிருந்து அதற்கு ரிட்டாலின் என்று பெயர் வைத்தார். கவனத்தைப் பொறுத்தவரை பெற்றோர் பயிற்சியால் முடியாததை இது செய்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 6 வயதுக்குக் கீழே முதலில் பெற்றோர் பயிற்சி, 6க்கு மேல் மருந்தும் பயிற்சியும் சேர்த்து என்கிறது. இந்தியாவில் இந்த மருந்து போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலுக்குள் வருவதால் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் சாதாரணமாகக் கிடைக்காது. பெயரைக் கேட்டதும் "போதை மருந்தா?" என்று மாமனார் பதறுவார். மனநல மருத்துவரின் மேற்பார்வையில் தரும்போது அந்தப் பதற்றம் தேவையில்லை. ஆனால் பசி குறைவது நிஜம். மதியம் கட்டிக்கொடுத்த லெமன் சாதம் அப்படியே திரும்பி வருவதைப் பார்க்கும் அம்மாவுக்கு, மருந்தை நிறுத்த அது ஒன்றே போதும். காலையில் மாத்திரைக்கு முன் வயிறார இட்லியும், ராத்திரி கொஞ்சம் தாராளமாகவும் கொடுங்கள் என்று சொல்ல ஒருவர் இருந்தால் பல வீடுகளில் மருந்து நிற்காது.

அந்த ஒருவர் சேக்காட்டுக்கு எங்கே கிடைப்பார்? அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் அங்கன்வாடிகளுக்கு இருமுறையும் வரும் மருத்துவக் குழுக்கள், 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி 30 நிலைகளைத் தேடுகின்றன, ஏ.டி.ஹெச்.டி. அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் இந்தப் பிள்ளைகளில் பலர் புது இடத்தில், புது டாக்டர் முன் பத்து நிமிடம் கட்டிப்போட்டதுபோல் உட்கார்ந்திருப்பார்கள். தனியார் பள்ளிப் பிள்ளைகள் இந்த வலையிலேயே வருவதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது; ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, இது இல்லை. கூடவே கற்றல் குறைபாடுபோலப் பட்டியலில் உள்ள வேறொன்று இருந்தாலொழியச் சான்றிதழ் கிடையாது, சான்றிதழ் இல்லாமல் பள்ளியில் சலுகை கேட்பது கடினம். கையில் இருக்கும் சட்டம் என்றால் இது: 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பள்ளியில் அடியையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ கீழ்ப்பாக்கம் மனநல நிலையத்துக்கோ போகவேண்டுமென்றால் ரயிலேறி, வண்டி மாறி, வரிசையில் நின்று திரும்ப ஒரு நாள் போய்விடும். தினக்கூலிக்குப் போகும் அம்மாவுக்கு அது ஒரு நாள் கூலி. பயிற்சி என்பது ஒருமுறை போய் வருவதும் அல்ல. எட்டு, பத்து வாரம் என்று நீளும்.

பெற்றோரையே சிகிச்சையின் கையாக மாற்றுவதில் தமிழ்நாடு பின்தங்கிய இடமும் அல்ல. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் 1950களின் இறுதியிலிருந்தே நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கவேண்டும் என்ற ஏற்பாடு இருந்துவருகிறது. அங்கே அறிவுசார் வளர்ச்சிக் குறை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் 57 பேரை இரு குழுக்களாகப் பிரித்துப் பால் ரஸ்ஸல் முதலானோர் நடத்திய சோதனை 1999இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வந்தது. பத்து வாரக் குழு அமர்வுகளில் பங்கெடுத்த பெற்றோர் தங்கள் பிள்ளையைப் பார்க்கும் பார்வை தெளிவாக மாறியிருந்தது. அது வேறு குறைபாடு. ஆனால் பெற்றோர் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் வீட்டு ஷூவை இன்னொருவர் கேட்டுச் சிரிக்கும் முறை இதற்கும் பொருந்தும். ஆட்டிசப் பிள்ளைகளுக்காகக் கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குடும்பங்களோடு நடந்த சோதனையில் பயிற்சி தந்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதார ஊழியர்கள். முடிவுகள் 2016இல் வந்தன. பெற்றோர் பிள்ளையோடு இசைந்து பழகுவது கூடியிருந்தது.

தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதைப்போலப் பயிற்சியும் வீட்டருகே வர, ஆவடி மாநகராட்சிக்குள்ளேயே நான்கைந்து அங்கன்வாடிகளில் சனிக்கிழமை சாயங்காலம், ஷிஃப்ட் பார்த்து நேரம் வைத்து, எட்டு வாரத்துக்குப் பத்துப் பெற்றோரை உட்கார வைக்க என்ன செலவு ஆகிவிடும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அப்பாக்கள் வரவேண்டும் என்பதைக் கட்டாயமாக்கவேண்டும், மாறவேண்டியது இருவரும்தான். எம்.டி.ஏ. ஆய்வைப் பிற்பாடு அலசியபோது, பெற்றோரின் கடுகடுப்பும் பலனில்லாத தண்டனையும் குறைந்த வீட்டுப் பிள்ளைகள்தான், மருந்தும் பயிற்சியும் சேர்ந்து கிடைத்தபோது, பள்ளியிலும் மற்றப் பிள்ளைகளைப்போல நடந்துகொண்டார்கள்.

அதே ஆய்வின் பிள்ளைகளை மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது சிகிச்சைக் குழுக்களுக்கு இடையே இருந்த வித்தியாசங்கள் கரைந்துபோயிருந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. எட்டு வாரத்தில் கற்றது எட்டு வருஷத்துக்கு வராது. ஒன்பது வயதில் சேர்ந்த புளியங்கொட்டை பதின்மூன்றில் சிரிப்பு மூட்டும். அப்போது ராத்திரி பத்து மணிக்கு செல்போன் யார் அறையில், எந்த அலமாரியில் இருக்கவேண்டும் என்பதை அவனும் அப்பாவும் உட்கார்ந்து பேசி, ஒரு நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அந்த நோட்டும் ஒருநாள் தொலையும். தொலைத்தது அப்பாவாகக்கூட இருக்கலாம்.